ஒரு சுண்டு குறைய: தர்மபுரத்துப் பெண்களோடு சில நாட்கள்

பரந்தன் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது காலை எட்டு மணிதான் இருக்கும். மாசி மாதம். பெரும்போக அறுவடை முடியும் காலம். ஏ-35 வீதியின் ஒரு ஓரம் முழுவதும் நெல் காயப் போட்டிருந்தார்கள். பஸ் நெல்லை விலத்தி விலத்திப் போனது. முரசுமோட்டை தாண்டி, நாகதம்பிரான் கோயிலால் பேர்பெற்ற புளியம்பொக்கணைக்குத் திரும்பும் சந்தியையும் தாண்டினால் தர்மபுரம் வந்துவிடும்.

நான் ஒரு சமூகப் பணியாளர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். இந்த வீதியால் பத்து வருடமாகப் போய்வருகிறேன். கோழி வளர்ப்பு, தையல், சிறுசேமிப்பு, நுண்கடன் சுமை, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று எத்தனையோ விடயங்களுக்காக இங்கே கூட்டம் வைத்திருக்கிறோம். ஆனால் அன்றைய கூட்டத்தின் விடயத்தைக் கேட்டால் நீங்களும் என்னைப் போலவே முதலில் சிரிப்பீர்கள். "உடம்பைக் குறைக்கிறது எப்படி எண்டு ஒருக்கா வந்து கதையுங்கோ மிஸ்" என்று மாதர் சங்கத்துப் பெண்களே கேட்டிருந்தார்கள்.

வன்னியில் உடம்பு குறைக்கிற கதையா? பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வயதான அம்மாவும் அதைத்தான் கேட்டார். "உடம்பு வைக்கட்டும் எண்டு நேர்ந்த சனம் பிள்ளை நாங்கள்" என்றார். அந்தச் சொல் அன்று முழுவதும் என் காதில் இருந்தது.

இரண்டு சமையல்களின் ஊர்

தர்மபுரம் கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டாவளைப் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கிறது. காடு வெட்டி உருவான குடியேற்ற ஊர். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி தேடி வந்தவர்களும் இருக்கிறார்கள். 1977 இனக்கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் இந்த ஊரின் அடுப்புகளில் இரண்டு சமையல்கள் கலந்திருக்கின்றன. ஒரு வீட்டில் பிட்டும் சொதியும் என்றால், பக்கத்து வீட்டில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத் தண்ணியும்.

2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதன்பின் சனம் இந்த வீதியால் கிழக்கு நோக்கி நகர்ந்தது. கிளிநொச்சி வைத்தியசாலையும் இடம்பெயர்ந்து சில காலம் தர்மபுரத்தில் இயங்கியது. 2009 தையில் இந்த ஊரும் வெறிச்சோடியது. பிறகு விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்து, முடிவில் முள்ளிவாய்க்கால். அங்கே அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சியில் உயிர் காத்தவர்கள்தான் இன்று இங்கே நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பெண்கள். அந்தக் கஞ்சியை ஒவ்வொரு வைகாசியும் இன்றும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பெண்கள்தான் இன்று நீரிழிவுக் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு

கூட்டத்துக்கு இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்பள்ளிக் கட்டடத்தில் சிறுபிள்ளைகளின் கதிரைகளில் நெருக்கி இருந்தோம். "கடைசியாக எப்போது நிறை பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுவது, கைப்பையை வைப்பது, சிலர் வளையலைக்கூடக் கழற்றுவது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் ஒரு பெண் சொன்னார்: "நிறையைக் குறையுங்கோ எண்டு கொப்பியிலை எழுதித் தருவினம். எப்படிக் குறைக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

உண்மைதான். கிளினிக்கில் வரிசை நீளம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையை மாற்றுவது எப்படி என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

நிறை ஏன் ஏறியது என்று அவர்களோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். முதலில் "வாய்தான் மிஸ் காரணம்" என்று தங்களையே குற்றம் சொன்னார்கள். எழுத எழுத வேறு காரணங்கள் வந்தன.

முன்பு வயலுக்கும் சந்தைக்கும் கிணற்றடிக்கும் நடந்தார்கள், சைக்கிள் ஓடினார்கள். எரிபொருள் தடையிருந்த 1990களில் வன்னிப் பெண்கள் ஓடிய சைக்கிள் தூரத்தை இன்று யாரும் நம்பமாட்டார்கள். இப்போது லீசிங்கில் எடுத்த ஸ்கூட்டி வாசலில் நிற்கிறது. கதிர் அறுக்க இயந்திரம் வந்துவிட்டது. இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் எட்டு மணித்தியாலம் ஒரே கதிரையில் இருந்து தைக்கிறார்கள். மீளக்குடியேறியபோது நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. அந்த மாவின் பழக்கம் நிவாரணம் நின்ற பின்னும் வீட்டில் தங்கிவிட்டது. காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வருகிறது. பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் சோடா இல்லாமல் முடியாது. கிழமைக்கு ஒருமுறை கடன்காரர் வருகிற வீட்டில் நித்திரையும் ஒழுங்காக இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணம். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மீனும் முட்டையும் மரக்கறியும் கைக்கு எட்டாமல் போனபோது வயிற்றை நிரப்பியது சோறும் மாவும் சீனித் தேத்தண்ணியும்தான். சகோதரிகளே, வறுமை உடம்பை மெலியத்தான் செய்யும் என்று நினைக்கிறோம். கையில் காசு குறையும்போது கோப்பையில் மாப்பொருள் கூடுகிறது; அதனால் ஏழை வீட்டிலும் வயிறு பெருக்கிறது.

தாள் நிறைந்தபோது "வாய்" என்ற காரணம் பதினோராவது இடத்துக்குப் போயிருந்தது.

கலோரி எண்ணிய பிள்ளை

கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாலு வயதில் மலையகத்திலிருந்து லொறியில் வந்தவர். நீரிழிவு வந்து ஆறு வருடம். சென்ற வருடம் காலில் ஒரு சின்னப் புண் வந்து, ஆற மூன்று மாதம் எடுத்தது. "அடுத்த முறை ஆறாட்டி விரலை எடுக்கவேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர் என்னிடம் சொல்ல வந்தது தன்னைப் பற்றியல்ல.

"என்ர மகளோடை ஒருக்காக் கதை பிள்ளை. அவள் எண்ணிச் சாப்பிடுறாள்."

மகளுக்கு இருபத்து நாலு வயது. ஆடைத் தொழிற்சாலை வேலை. கல்யாணப் பேச்சொன்று வந்து, "பெண் கொஞ்சம் உடம்பு" என்ற ஒரு சொல்லோடு நின்றுபோனது. அன்றிலிருந்து கைத்தொலைபேசியில் கலோரிக் கணக்கு. ஒரு நாளைக்கு எண்ணூறுக்கு மேல் போகக்கூடாது என்று தானே ஒரு எல்லை வைத்திருந்தாள். தொலைபேசியைக் காட்டினாள். பாண் துண்டு இருந்தது, ஓட்ஸ் இருந்தது, அப்பிள் இருந்தது. அம்மா அவிக்கும் பிட்டும், முருங்கையிலை வறையும், தேங்காய்ப்பால் விட்ட சொதியும் அந்தக் கணக்கில் எப்படிச் சேரும் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததால் அம்மாவின் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். பிஸ்கட் பொதியில் கலோரி அச்சடித்திருக்கிறது என்பதால் மதியத்துக்கு நாலு பிஸ்கட். இரவில் எல்லோரும் படுத்தபின் பசி தாங்காமல் சோற்றுப் பானையடியில் நின்று அள்ளிச் சாப்பிடுவது. காலையில் குற்ற உணர்ச்சி. மறுநாள் இன்னும் குறைவு. இரண்டு கிழமைக்கு முன் தொழிற்சாலை பஸ்ஸில் மயங்கி விழுந்திருக்கிறாள். மாதவிலக்கும் இரண்டு மாதமாக இல்லை.

தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பேணிக் கஞ்சியை நாலு பேருக்குப் பிரிச்சனான் பிள்ளை. ஆருக்கு எத்தினை முடறு எண்டு எண்ணிக் குடுத்தனான். இனி என்ர வீட்டிலை ஒருத்தரும் எண்ணிச் சாப்பிடக்கூடாது எண்டுதான் இருந்தன். இப்ப இவள் கோப்பையைத் தள்ளி வைக்கேக்கை எனக்கு நெஞ்சு பதறுது."

சுவரில் ஒரு சிறுவனின் படம் மாலையோடு இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

நானும் ஒரு காலம் கொப்பி வைத்துக் கலோரி எழுதியவள்தான். ஆகவே அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கணக்கின் கதையைச் சொன்னேன்.

கலோரி என்பது உணவு தரும் சக்தியை அளக்கும் அலகு. அதில் பிழையில்லை. மாச்சத்து ஒரு கிராமில் சுமார் 4, கொழுப்பு ஒரு கிராமில் சுமார் 9 என்பதும் சரி. இதை ஒவ்வொரு பெண்ணும் தினமும் எண்ணவேண்டும் என்ற பழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் லூலு ஹன்ட் பீற்றர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர். முதலாம் உலக யுத்த காலத்தில், 1918இல் வந்த அவரது நூல் பெருந்தொகையாக விற்பனையானது. பாணை எத்தனை துண்டு என்று சொல்லாமல் எத்தனை கலோரி என்று சொல்லப் பழகுங்கள் என்பது அவர் வழி. அன்று தொடங்கிய எண்ணிக்கை இன்று தொலைபேசிக்குள் வந்திருக்கிறது.

எண்ணி எண்ணிப் பட்டினி கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாத காலம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் மெலிந்தார்கள். ஆனால் மெலிவோடு நிற்கவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சமையல் புத்தக வாசிப்பு, எரிச்சல், சோர்வு, தனிமை. பட்டினி முடிந்தபின் பலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. பழைய நிறை திரும்பி வந்தபோது பலருக்குக் கொழுப்பு முன்னையதைவிடக் கூடியிருந்தது.

மகள் தலை குனிந்தாள். இரவில் பானையடியில் நின்றது தன் ஆசைக் கோளாறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் தனக்கு விதித்த எண்ணூறு, மினசோற்றாவில் பட்டினியென்று கணக்கிட்டதிலும் ஏறக்குறையப் பாதி.

தாய்க்கும் இதில் ஒரு செய்தி இருந்தது. பசி கண்ட உடம்பும் மனமும் பிறகு உணவைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்ப்பது பேராசையல்ல. அதைச் சொன்னபோது அவர் மெதுவாக ஒரு விடயத்தை வெளியே விட்டார்.

"நான் கூடத் தின்னிறேல்லை பிள்ளை. மிஞ்சினதைத்தான் தின்னுறன்."

பானையில் தொடங்கியது

அந்த வீட்டில் நாலு பேர். மதியத்துக்கு ஐந்து சுண்டு அரிசி போடுகிறார். மூத்த மகனும் மகளும் மதியம் வீட்டில் இல்லை. கட்டிக்கொண்டு போகிற சாப்பாட்டிலும் மகள் பாதி. ஏன் ஐந்து சுண்டு? "ஆராவது வந்தால்..." என்றார். சிறிது நேரம் கழித்து, "திடீரெண்டு ஏதும் நடந்தால்..." என்றார். பதினாறு வருடமாக அந்தப் பானை திடீரென்று ஏதும் நடக்கக்கூடும் என்றே கொதிக்கிறது. மாலையில் மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராது. கஞ்சி முடறு எண்ணியவருக்கு எப்படி வரும்? பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சியதையும், பானையில் மிஞ்சியதையும் வழித்துத் தானே சாப்பிட்டுவிடுவார். அதன் பிறகுதான் அவருடைய சொந்தச் சாப்பாடு.

பல்கலைக்கழகத்தில் நான் படித்த புத்தகங்களில் இது இருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிடும் பெண், இல்லாத நாளில் பட்டினி கிடக்கிறாள். இருக்கிற நாளில் குப்பைத் தொட்டியாகிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

இவரிடம் "குறைவாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்வது வீண். கோப்பையில் கை வைத்தால் பழைய பயம் எழும்பும். ஆகவே பானையில் கை வைப்போம் என்று பேசினோம். ஐந்து சுண்டு போடும் இடத்தில் நாலு. மிச்ச ஒரு சுண்டை ஒரு தகரத்தில் போட்டு வைப்பது. எங்கள் பாட்டிமார் செய்த பிடியரிசிச் சேமிப்புத்தான். யாராவது வந்தால் அவிக்க அரிசி இருக்கிறது. திடீரென்று ஏதும் நடந்தாலும் இருக்கிறது. தகரம் கண்முன் இருக்கவேண்டும், மூடியைத் திறந்து பார்க்கக்கூடியதாக. இந்த யோசனை என்னுடையதல்ல. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னது.

ஆறு மாதம், ஆறு பழக்கம்

அதன்பின் மாதம் ஒருமுறை தர்மபுரம் போனேன். தராசு கொண்டுபோகவில்லை. நூல் கொண்டுபோனேன். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். எட்டினால் நல்லது. எட்டாவிட்டால் வயிற்றுக் கொழுப்பைக் கவனிக்கவேண்டும். தென்னாசியர்களான எங்களுக்கு நிறை அதிகமில்லாமலே வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வருவது வழக்கம். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் அவதானம் தேவை என்பது இதனால்தான்.

அந்தப் பெண்கள் தாங்களே தெரிந்தெடுத்த பழக்கங்கள் இவை:

கோப்பையை மனதால் பிரிப்பது. பாதிக்கு மரக்கறியும் இலைக்கறியும், கால் பங்குக்குச் சோறு அல்லது பிட்டு, கால் பங்குக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கௌபி. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் வேலியிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கின்றன. முதலில் மரக்கறியைப் போட்டுவிட்டுச் சோற்றைப் போட்டால் இடம் தானாகக் குறையும்.

வெள்ளைப் பச்சைக்குப் பதிலாகச் சிவப்பரிசி. கோதுமை மாப் பிட்டில் பாதிக்குக் குரக்கன் மா அல்லது ஒடியல் மா.

தேத்தண்ணியில் கரைத்த சீனியை விட்டு, ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது. பனங்கட்டியும் இனிப்புத்தான், ஆனால் கடித்துக் குடிக்கும்போது அளவு குறைகிறது. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் பதினைந்து கரண்டிச் சீனி என்று அங்கேயே கூட்டிப் பார்த்தோம். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

சோடாப் போத்தலில் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறம் போடவேண்டும் என்ற விதி உண்டு. எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

பொதியில் வருகிற தீனியை வாங்காமல் வீட்டில் அவிப்பது. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹோல் குழுவினர் 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆலையில் பதப்படுத்திய உணவு இரண்டு கிழமை, வீட்டுச் சமையல் போன்ற உணவு இரண்டு கிழமை. இரண்டிலும் முன்னால் வைத்த சத்துகள் ஒரே அளவு; விரும்பிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட நாட்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. யாரும் எண்ணவில்லை. உணவின் தன்மைதான் அளவை மாற்றியது. பிஸ்கட்டை விட்டுப் பிட்டுக்கு வந்தால் நல்லது என்று நான் மகளுக்குச் சொன்னது இதனால்தான்.

கடைசிப் பழக்கம்தான் மிகச் சிரமமானது: நடை. "பின்னேரத்திலை ஒரு பொம்பிளை சும்மா றோட்டாலை நடந்தால் என்ன கதைப்பினம் தெரியுமே?" என்று கேட்டார்கள். நாய், மது அருந்தியவர்கள், வேகமாக வரும் ரிப்பர் என்று வேறு பயங்களும் உண்டு. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று எழுதுவது சுகம்; ஒரு பெண் காரணம் சொல்லாமல் நடக்கக்கூடிய வீதி வேண்டுமே! முடிவில் ஏழு பேர் சேர்ந்து, காலை ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போகிறோம் என்ற பெயரில் சுற்றுப்பாதையால் நடக்கத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு பேர். பிறகு கோயிலின் பெயர் தேவைப்படவில்லை.

இந்தச் சின்ன மாற்றங்கள் போதுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், நிறையில் ஏழு வீதம் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. எங்களுக்கு நெருக்கமானது சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே உணவையும் நடையையும் திருத்தியவர்களில் நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்தது. அவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது. இதைச் சொன்னபோது கூட்டத்தில் பலர் கைதட்டினார்கள்.

சில எச்சரிக்கைகள்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவோ திடீரென்று குறைக்கவோ கூடாது. இரத்தத்தில் சீனி இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உடம்பு குறைக்கும் காலம் இதுவல்ல. குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதைக் கேளுங்கள். காரணமின்றி நிறை திடீரென ஏறினாலும் இறங்கினாலும் தைரொயிட் போன்ற வேறு காரணம் இருக்கலாம். கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு இளம் பெண் சாப்பாட்டை எண்ணத் தொடங்கி, மாதவிலக்கு நின்று, மறைந்திருந்து சாப்பிட்டு, பிறகு பட்டினி கிடக்கிறாள் என்றால் அது செல்லமோ பிடிவாதமோ அல்ல. அவளை வைத்தியரிடமும் உளவளத்துணையாளரிடமும் அழைத்துப் போகவேண்டும். அந்த மகளை நாங்கள் அப்படித்தான் அழைத்துப் போனோம். மூன்று முறை போனபின்தான் அவள் வாய் திறந்தாள்.

இன்னுமொன்று. பெண் பார்க்க வருபவர்கள் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் எத்தனை மாதம் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. வாசக சகோதரிகளே, எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கப் போகும்போது நாங்களும் அந்தச் சொல்லைச் சொல்லாதிருப்போம்.

ஆவணியில்

கடைசியாக ஆவணியில் போனபோது வயல்கள் காய்ந்து கிடந்தன. பஸ்ஸால் இறங்கி நடந்தேன். தாயின் கால் புண் தழும்பாக இருந்தது. இனிப் புண் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கிளினிக்காக அவருடைய சீனி அளவு முன்னையதைவிடக் குறைந்திருக்கிறது. நிறை மூன்று கிலோ குறைவு. "சட்டை தொளதொளக்குது" என்று தோளை இழுத்துக் காட்டினார். மகள் தொலைபேசியிலிருந்து கணக்கை எடுத்துவிட்டாள். நிறை பெரிதாக மாறவில்லை. முகம் மாறியிருந்தது. இரவில் பானையடிக்குப் போவதில்லை என்றாள். சில நாளில் எண்ணம் வருகிறது என்றும் மறைக்காமல் சொன்னாள்.

மதியம் அங்கே சாப்பிட்டேன். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, இரணைமடுக் குளத்து மீன். மகள் அம்மாவுக்கு எதிரே இருந்து சாப்பிட்டாள். தாய் தன் கோப்பையையும் எங்களோடேயே போட்டுக்கொண்டு இருந்தார். முன்பு அவர் அப்படி இருந்ததில்லை.

புறப்படும்போது அரிசித் தகரத்தைக் காட்டினார். நிறைந்திருந்தது. அது மூன்றாவது தகரமாம். முதல் இரண்டும் எங்கே என்று கேட்டேன். ஒன்றை வைகாசியில் கஞ்சி காய்ச்சக் கொடுத்திருக்கிறார். மற்றது, புருஷன் விட்டுப்போன ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"அவளுக்கு எண்ணாமல் சாப்பிடச் சொல்லிப் போட்டு வந்தன்" என்றார்.

முல்லைத்தீவிலிருந்து வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.